ஒரே பின்னில் ஐந்து ஃபேன்

போன மே மாதம் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதலாமா என்று பேரனிடம் கேட்டேன். "எழுதுங்க தாத்தா. ஆனா முழுசா எழுதணும். பாதியில நிறுத்தி உங்களைப் பெரிய ஆளா காட்டிக்கக் கூடாது" என்றான். முழுசாகவே எழுதுகிறேன்.

இவன் என் மகள் வயிற்றுப் பேரன். மகளும் மாப்பிள்ளையும் திருச்சியில் இருக்கிறார்கள். இவனுக்குத் தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்ததால், நான்கு வருடமாகக் கீழ்க்கட்டளையில் எங்களோடுதான் வாசம். மாடியில் ஒற்றை அறை. வீடு கட்டியபோது வாடகைக்கு விடலாம் என்று எழுப்பிய அறை அது. மேலே வெறும் கான்கிரீட் தளம். கத்திரி வெயிலில் அப்படிப்பட்ட அறை எப்படி இருக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்குக்கூடச் சுவரில் கை வைத்தால் இட்லிப் பானையைத் தொட்ட மாதிரி இருக்கும்.

அந்த அறையில் பேரனும் இருக்கிறான், அவனுடைய கம்ப்யூட்டரும் இருக்கிறது. கம்ப்யூட்டர் என்றால் மடியில் வைத்துக்கொள்கிற வகை இல்லை. பெரிய கேபினெட், உள்ளே தனி கிராபிக்ஸ் கார்டு, பக்கவாட்டில் கண்ணாடி. இரண்டாம் வருடம் படிக்கும்போது அவனே ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி வந்து பூட்டியது. கடைசி வருடப் புராஜெக்ட் முழுக்க அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

புராஜெக்ட் என்ன என்று ஒருநாள் எனக்கு விளக்கினான். ஐரோப்பியர்களின் சென்டினல் செயற்கைக்கோள் எடுக்கிற படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றனவாம். அவற்றை வைத்து நம் தென்புறநகர் ஏரிகளில் எந்த மாதம் எவ்வளவு பரப்புக்குத் தண்ணீர் நிற்கிறது என்று கம்ப்யூட்டரே கண்டுபிடிக்க வேண்டும். நம் கீழ்க்கட்டளை ஏரியும் அதில் உண்டு. இந்த ஏரி நிரம்பினால் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். 2015 டிசம்பரில் இந்த வழியை நாமெல்லாம் முழங்கால் தண்ணீரில் நின்று படித்துக்கொண்டோம். இவன் அதை மேலேயிருந்து படிக்கிறான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் இரவு முழுக்க ஓட வேண்டும். ஓடினால் சூடாகும். பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் பட்டென்று அணைந்துவிடும். ஏப்ரல் கடைசியில் இரண்டு முறை அப்படி அணைந்தது. கேபினெட்டில் இரண்டு ஃபேன்தான் இருந்தன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பேரன் ரிச்சி தெருவுக்குப் போய் மூன்று புதிய ஃபேன் வாங்கி வந்தான். உள்ளே நீலமாக விளக்கு எரியும் வகை. "ஞாயித்துக்கிழமை நான் மாட்டிக்கிறேன் தாத்தா" என்று அட்டைப் பெட்டியோடு அலமாரியில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டான்.

அன்றைக்குப் புதன். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு எனக்குக் கை அரித்தது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. 1980ல் தொலைபேசித் துறையில் சேர்ந்து 2016ல் ஓய்வு பெற்றவன். சேரும்போது தபாலும் தந்தியும் ஒரே துறை. பிறகு தந்தி தனியாகி, 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். ஆனது. நாற்காலி அதேதான், பெயர்ப்பலகைதான் மாறியது. முதல் சில வருடம் ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச். நீங்கள் டயலைச் சுழற்றினால் எங்கள் ஹாலில் செலக்டர்கள் டகடகவென்று ஏறித் திரும்பி உங்கள் எண்ணைத் தேடும். அப்புறம் இ-10பி டிஜிட்டல் வந்தது, சத்தம் போய்விட்டது. எது வந்தாலும் மின்சாரம் மட்டும் ஒன்றுதான். 48 வோல்ட் டி.சி. பேட்டரி அறையில் இரண்டு வோல்ட் செல் இருபத்துநான்கு வரிசையாக நிற்கும், ஆசிட் வாசனை மூக்கைப் பிடிக்கும். எந்த ரேக்குக்கு எத்தனை ஆம்பியர், எந்த ஃப்யூஸ், புதிதாக ஒரு ரேக் வந்தால் பஸ்பார் தாங்குமா என்று பார்த்துப் பார்த்து எழுதுவதுதான் பாதி வேலை. கணக்குப் போடாமல் ஒரு ஒயர் இழுத்ததில்லை.

அப்படிப்பட்ட ஆள்தான் வியாழக்கிழமை காலை ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மாடி ஏறினான்.

கண்ணாடியைக் கழற்றியதும் முதலில் தெரிந்தது தூசி. மேடவாக்கம் சாலையில் மெட்ரோ தூண் வேலை ஆரம்பித்ததிலிருந்து, காலையில் துடைத்த மேஜையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். ரேடியல் ரோடு லாரித் தூசி வேறு. பிராசசர் மேலே இருந்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி அடைந்திருந்தது. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். இதையாவது ஒழுங்காகச் செய்தேன் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஃபேன்கள். முன்பக்கம் மூன்று, பின்னால் ஒன்று, மேலே ஒன்று. இடம் சரியாக இருந்தது. மாட்டி முடித்துவிட்டு ஒயரைக் கையில் பிடித்தபடி மதர்போர்டைப் பார்த்தேன். சிக்கனமான போர்டு. ஃபேன் செருகுகிற பின் இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று பிராசசர் ஃபேனுக்கு. இன்னொன்று கேபினெட் ஃபேனுக்கு. பழைய ஃபேன் இரண்டையும் ஒரு ஒய் கேபிள் போட்டு அந்த ஒரு பின்னில்தான் பேரன் கொடுத்திருந்தான்.

புதிய ஃபேன் பெட்டிக்குள் ஒன்றை மூன்றாக்கும் ஸ்ப்ளிட்டர் கேபிள் ஒன்று இருந்தது. பிறகு என்ன? ஒய் கேபிளின் ஒரு காதில் ஸ்ப்ளிட்டர், அதில் மூன்று புதிய ஃபேன். இன்னொரு காதில் என் அலமாரியில் கிடந்த இன்னொரு ஒய் கேபிள், அதில் இரண்டு பழைய ஃபேன். ஐந்தும் ஒரே பின்னில். ஆடி மாதம் அம்மன் கோயில் விழாவுக்கு ஒரு வீட்டுப் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று தெருவையே சீரியல் விளக்கால் நிரப்புவார்களே, அப்படி. அப்போதெல்லாம் அந்தப் பையன்களைக் கூப்பிட்டுத் திட்டுகிற முதல் ஆள் நான்தான்.

சுவிட்சைப் போட்டேன். ஐந்தும் சுற்றின. நீல வெளிச்சம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா இருக்குங்க, சாமி அறை மாதிரி" என்று சொல்லிவிட்டுக் குழம்பு கரியும் என்று இறங்கிப் போனாள்.

முக்கால் மணி நேரம் இருக்கும். ஒரு வாசனை வந்தது. ரிலே காயில் எரிகிற வாசனைக்குத் தம்பி முறை. முப்பத்தாறு வருடம் பழகிய மூக்குக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டாம். பாய்ந்து போய் அணைப்பதற்குள் ஐந்து ஃபேனும் நின்றுவிட்டன. பிராசசர் ஃபேன் மட்டும் அதன் தனிப் பின்னில் சுற்றிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் பிடுங்கினேன். ஆறவிட்டு, ஒரே ஒரு பழைய ஃபேனை அந்தப் பின்னில் செருகிப் பார்த்தேன். அசையவில்லை. மல்டிமீட்டரை வைத்தேன். 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பக்கத்தில் எள்ளளவு ஒரு டிரான்சிஸ்டர், அதன் முதுகில் ஒரு பழுப்புப் புள்ளி. ஃபேன்கள் ஐந்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. போர்டில் அந்தப் பின்தான் செத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபேன் முதுகிலிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். பழையது ஒவ்வொன்றும் 0.18 ஆம்பியர். புதியது, விளக்கும் சேர்த்து, ஒவ்வொன்றும் 0.36. மூன்று புதியதுக்கு 1.08, இரண்டு பழையதுக்கு 0.36. மொத்தம் 1.44. பேரன் போர்டு பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்த கையேட்டில் அந்தப் பின்னுக்கு எழுதியிருந்தது: அதிகபட்சம் 1 ஆம்பியர், 12 வாட். நான் பதினேழு வாட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். அதிலும் மோட்டார் கிளம்புகிற நொடியில் ஓடும்போது இழுப்பதைவிட அதிகமாக இழுக்கும். ஸ்ப்ளிட்டர் என்பது ஒயரைப் பிரிக்கிற சாமான்தான், அதனால் கூடுதல் மின்சாரம் எங்கிருந்தும் வராது. ஐந்துக்கும் ஒரே 12 வோல்ட், ஆம்பியர் மட்டும் கூடிக்கொண்டே போகும். இதை நான் எத்தனை புதுப் பையன்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன்! சில போர்டுகளில் பாரம் அதிகமானால் தானே அணைத்துக்கொள்கிற பாதுகாப்பு உண்டாம். இதில் அது இல்லை போலும்.

சரி, எரிந்தது எரிந்துவிட்டது. இதுவரை நடந்தது கைப்பிழை. அடுத்து நான் செய்ததுதான் பேரன் "முழுசா எழுதுங்க" என்று சொன்ன பகுதி.

ஒயர்களை அழகாக மடித்து, ஸ்ப்ளிட்டரை அந்தச் செத்த பின்னிலேயே செருகி, கண்ணாடியை மூடினேன். சாயங்காலம் பேரன் வந்தான். "தாத்தா! மாட்டிட்டீங்களா!" என்று சந்தோஷமாகச் சுவிட்சைப் போட்டான். எதுவும் சுற்றவில்லை. ஸ்ப்ளிட்டரைப் பிடுங்கி மறுபடி செருகினான். "மாட்டுனப்போ சுத்துச்சா?" என்று கேட்டான்.

"நான் மாட்டி வச்சதோட சரி" என்றேன்.

வாயிலிருந்து அப்படி வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. இந்த வீட்டில் ஃப்யூஸ் போனாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் தெருவே என்னைத்தான் கூப்பிடும். அந்த நாற்காலியிலிருந்து ஒரு நாள் இறங்கி நிற்க எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் எவ்வளவு அற்பமாக இருக்கிறது.

அவன் ஃபேன்தான் பழுது என்று முடிவு செய்துவிட்டான். ஸ்ப்ளிட்டரில் கோளாறு, அதில் ஷார்ட் ஆகிப் பழைய ஃபேனும் போய்விட்டது என்று அவனாகவே ஒரு கதை கட்டிக்கொண்டான். மறுநாள் காலை, நான் பக்கத்து நாற்காலியில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே, வாங்கின கடைக்குப் போன் போட்டான். "எடுத்துட்டு வாங்க தம்பி, டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன்" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. இவனுக்கு அடுத்த வியாழன் ரிவ்யூ. போக வர அரை நாள் இல்லை. "டூப்ளிகேட் வித்துட்டு டெஸ்ட் வேற பண்றீங்களா" என்று கத்திவிட்டு வைத்தான். அத்தோடு விட்டானா? போனிலேயே அந்தக் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதினான். எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினான். காப்பி ஆறிப்போயிருந்தது.

வெள்ளி, சனி இரண்டு இரவும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கள் படுக்கையறை டேபிள் ஃபேனைக் கொண்டுபோய்க் கேபினெட் வயிற்றைப் பார்த்துத் திருப்பி வைத்து ஓட்டினான். டேபிள் ஃபேன் காற்று நிறையத்தான் தரும், தப்பில்லை. ஆனால் அறையின் காற்றே 36 டிகிரி. எத்தனை ஃபேன் போட்டாலும் அறைச் சூட்டுக்குக் கீழே எதையும் குளிரவைக்க முடியாது. பொருளின் சூட்டை அறைக்குள் தள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. அவன் வேறு கொசுவுக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தான். டேபிள் ஃபேன் அதே வெந்நீரைச் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருந்தது.

சனி இரவு மூன்று மணிக்கு அணைந்தது. பாத்ரூம் போக எழுந்தபோது மாடிப்படியில் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ஏழு மணி நேர ஓட்டம் போய்விட்டதாம், கடைசியாகச் சேமித்தது இரவு எட்டு மணிக்கு. அழவில்லை. கையிரண்டையும் முழங்காலில் போட்டுக்கொண்டு, தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "தூங்குடா" என்றேன். "நீங்க தூங்குங்க தாத்தா" என்றான்.

திரும்பி வந்து படுத்தேன். மனைவி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். டேபிள் ஃபேன் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. "ஏங்க, மூணு நாளா நீங்க எதையோ முழுங்கிட்டு இருக்கீங்க" என்றாள் இருட்டில். "அது அவன் சம்பந்தப்பட்டதுன்னா எழுந்து போய்ச் சொல்லிடுங்க." நாற்பது வருடம் கூடவே இருந்தவளிடம் மல்டிமீட்டர் தேவையில்லை.

விடியும்வரை கிடந்தேன். ஆறு மணிக்குக் காப்பியை நானே மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எரிந்த புள்ளியை டார்ச் அடித்துக் காட்டினேன். வியாழக்கிழமை நடந்ததை வரிசையாகச் சொன்னேன். 1.44 என்ற கணக்கையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பின்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டது இதுதான்: "அப்ப அந்தக் கடைக்காரர் குடுத்தது நல்ல ஃபேனா?"

"நல்ல ஃபேன்."

"நான் அவரை டூப்ளிகேட்னு சொல்லிட்டேனே தாத்தா."

என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். முதல் வேலையாகப் போனை எடுத்து அந்த நாலு வரியை அழித்தான். நான் திங்கட்கிழமை ரிச்சி தெருவுக்கு நானே போகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றான்.

பரங்கிமலை வரை பஸ், அங்கே மெட்ரோ, ஆலந்தூரில் மாறி அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தேன். 80களில் சம்பளம் வாங்கின சனிக்கிழமைகளில் சுற்றிய தெருக்கள். நரசிங்கபுரம் தெரு முனையில் ஏசி 128 டிரான்சிஸ்டரும் ஃபெரைட் ராடும் வாங்கி வந்து வீட்டில் ரேடியோ கட்டிய காலம். இப்போது கேமராவும் கம்ப்யூட்டர் பாகமும் மொபைல் டிஸ்ப்ளேயும். நெரிசல் மட்டும் அதே நெரிசல்.

கடை பத்தடி அகலம். கல்லாவில் முப்பது வயதுக்குள் ஒரு தம்பி. நான் இன்னார், என் பேரன்தான் வெள்ளிக்கிழமை போனில் கத்தினான், தப்பு அவன் மேலும் இல்லை உங்கள் மேலும் இல்லை, என் மேல், என்று ஆரம்பித்தேன். ஐந்து ஃபேனை ஒரே பின்னில் கொடுத்ததைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. "மாசத்துக்கு ரெண்டு பேராவது வருவாங்க ஐயா. பெட்டியில ஸ்ப்ளிட்டர் குடுக்கிறதே வம்பு" என்றார்.

மேஜையில் ஒரு சின்னக் கறுப்புச் சாமானை எடுத்து வைத்தார். ஹப் என்று பெயர். அதன் ஒரு வால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் சாட்டா ஒயரில் செருக வேண்டியது. இன்னொரு வால் போர்டுக்குப் போவது. போர்டுக்குப் போகிற பிளக்கில் நாலு ஓட்டை இருந்தது, ஆனால் ஒயர் இரண்டே இரண்டு. "கரண்ட் எஸ்.எம்.பி.எஸ். குடுத்திடும் ஐயா. போர்டு ஆர்டர் மட்டும்தான் போடும்."

எனக்குச் சுருக்கென்றது. ரிலே! சின்னக் கரண்டில் ஆணை, பெரிய கரண்டு வேறு வழியில். முப்பத்தாறு வருடம் நான் சோறு சாப்பிட்ட தத்துவம். அந்த இரண்டு ஒயரில் ஒன்று, ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று போர்டு சொல்வது. பி.டபிள்யூ.எம். என்கிறார்கள். நொடிக்கு இருபத்தைந்தாயிரம் தடவை துடிக்கும் சிக்னல். துடிப்பின் அகலத்தைப் பார்த்து ஃபேன் தன் வேகத்தை வைத்துக்கொள்ளும். இன்னொரு ஒயர் பதில். ஃபேன் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு திருப்பி அனுப்பும், போர்டு அதை எண்ணி ஆர்.பி.எம். காட்டும்.

"என் போர்டில் அந்தப் பின் செத்துப்போச்சே" என்றேன். அதற்கும் வழி சொன்னார். பிராசசர் ஃபேனைக் கழற்றிவிட்டு அந்தப் பின்னில் ஹப்பைச் செருக வேண்டும். பிராசசர் ஃபேனை ஹப்பின் முதல் வாயில் செருக வேண்டும். அந்த முதல் வாய் மட்டும்தான் ஆர்.பி.எம்.மைத் திருப்பி அனுப்பும். மாற்றிச் செருகினால் பிராசசர் ஃபேன் இல்லை என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கிளம்பவே அடம்பிடிக்கும். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒன்றுக்கு ஒன்றரை ஆம்பியர், ஆக நாலரை ஆம்பியர் தாங்கும். எங்கள் கணக்குக்குத் தாராளம். "சாட்டா ஒயர் பத்தலைன்னு பழைய மோலெக்ஸ்ல அடாப்டர் போட்டுடாதீங்க. மலிவா வர்றதுல சிலது உள்ளுக்குள்ளயே ஒட்டிக்கிட்டு எரிஞ்சிடும்" என்று எச்சரித்தும் அனுப்பினார். என் முகத்தைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டார். "ஐயா, அஞ்சு எதுக்கு? முன்னால மூணு உள்ளே இழுக்கட்டும், பின்னால ஒண்ணு வெளிய தள்ளட்டும். போதும்." உள்ளே வருகிற காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால், சந்து பொந்து வழியாகத் தூசி நுழையாது. முன்னால் இருக்கிற வலையை மட்டும் கழுவினால் போதும்.

ஹப் 450 ரூபாய். பேரம் பேசுகிற யோக்கியதை எனக்கு அன்றைக்கு இல்லை.

அன்று சாயங்காலம் பேரன்தான் மாட்டினான். நான் டார்ச் பிடித்தேன். மேல் ஃபேனைக் கழற்றும்போது, "தாத்தா, இதைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க" என்றான். வெளியே தள்ள வேண்டியதை உள்ளே ஊதும்படி வைத்திருந்தேன்! ஃபேனின் எந்தப் பக்கம் குறுக்குக் கால்களும் ஸ்டிக்கரும் இருக்கிறதோ, காற்று அந்தப் பக்கமாகத்தான் வெளியேறும். அதுகூடப் பார்க்கவில்லை. மாட்டி முடித்ததும் பாட்டியிடம் ஊதுபத்தி வாங்கி வந்து முன்னால் காட்டினான். புகை நூல் பிடித்த மாதிரி உள்ளே போய், பின்பக்கத்து ஃபேன் வழியாக வெளியே வந்தது. கண்ணாடி வழியாகப் பார்க்க அழகாக இருந்தது.

பின்னால் இருந்த பழைய ஃபேனுக்கு மூன்று ஒயர்தான். வேக ஆணை கேட்கிற நாலாவது ஒயர் கிடையாது. ஹப்பில் போட்டதும் முழு வேகத்தில் கொய் என்று கத்தியது. அந்தக் காலத்தில் ஒரு தந்திரம் உண்டு. ஃபேனின் ஒரு முனையை மஞ்சள் ஒயரிலும் மறு முனையை, கறுப்புக்குப் பதிலாக, சிவப்பிலும் கொடுத்தால் பன்னிரண்டில் ஐந்து போக ஏழு வோல்ட்டில் சத்தமில்லாமல் சுற்றும். ஐந்து வோல்ட் ஒயர் மின்சாரம் கொடுப்பதற்கு உள்ளது, திரும்ப வாங்கிக்கொள்வதற்கு இல்லை என்பதால் அது எப்போது காலை வாரும் என்று சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்து "ஏழு வோல்ட்" என்ற உடனேயே பேரன் ஸ்க்ரூடிரைவரை என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டான். கொய் என்ற சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜன்னலைத் திறந்து கொசுவலை அடித்தோம். கேபினெட்டின் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பினோம். அன்றிரவு பிராசசர் 82 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. இதில் ஹப்புக்கு எவ்வளவு, ஜன்னலுக்கு எவ்வளவு, வியாழக்கிழமை நான் தட்டியெடுத்த தூசிக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூசிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று நான் சொன்னால் பேரன் மறுப்பதில்லை.

கேபினெட் கதவின் உள்பக்கம் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன், எக்ஸ்சேஞ்சில் ரேக் கதவில் ஒட்டுவது போல. புதிய ஃபேன் மூன்று, 1.08. பழையது ஒன்று, 0.18. பிராசசர் ஃபேன் 0.25. மொத்தம் 1.51 ஆம்பியர், தாங்குவது 4.5. கீழே தேதி, கையெழுத்து. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதன் கீழே பென்சிலில் ஒரு வரி சேர்ந்திருந்தது: "என்னைக் கேட்காமல் திறக்கக் கூடாது."

வியாழக்கிழமை ரிவ்யூ நல்லபடியாக முடிந்தது. கடைக்கு இப்போது ஐந்து நட்சத்திரம் இருக்கிறது. திங்கட்கிழமை இரவே, ஹப் மாட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், நானும் பேரனும் ஆர்.பி.எம். எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஆராய்ச்சி முடிஞ்சுதுன்னா அந்த டேபிள் ஃபேனை எடுத்துட்டு வாங்க. நாலு ராத்திரியா எனக்கு வேர்த்துக் கொட்டுது."